ஸ்போர்ட்ஸ் பைக்கை ஆபீசுக்கும் போடிமெட்டுக்கும் பழக்குவது எப்படி

மதுரையில் திருநகரிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். பசுமலை, பழங்காநத்தம், பெரியார், சிம்மக்கல், ஏ.வி. பாலம், கோரிப்பாளையம், கே.கே. நகர் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போனால் காலை நேரத்தில் ஐம்பது நிமிஷம் ஆகிவிடும். தாழ்வாகக் குனிந்து பிடிக்கிற க்ளிப்-ஆன் ஹேண்டில் வைத்த 155 சிசி வண்டியில் முதல் வாரம் இப்படிப் போய் வந்தபோது, ஆபீசில் டீ டம்ளரைப் பிடிக்க சுண்டுவிரல் ஒத்துழைக்கவில்லை. மரத்துப் போய்விட்டது. கழுத்து தனி, இடுப்பு தனி. வீட்டில் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏன்டா, காசு குடுத்து கூன் விழுறதுக்கா வாங்குன?"

ஆர்15, ஆர்சி 200, பல்சர் ஆர்எஸ்200, அப்பாச்சி ஆர்ஆர்310 மாதிரி முன்னால் குனிந்து ஓட்டும் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு ரூபத்தில் வந்திருக்கும். விற்றுவிட்டு நிமிர்ந்து உட்காரும் வண்டி வாங்கு என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வளைவில் சொன்ன பேச்சு கேட்கிற வண்டியை விட எனக்கு மனசு வரவில்லை. இப்போது நாலு வருஷம் ஆகிறது, தினமும் ஆபீஸ், மாசம் ஒரு தடவை போடிமெட்டு மாதிரி மலைப்பக்கம், எல்லாம் அதே வண்டியில்தான். என்னென்ன செய்தேன், எதில் காசை வீணாக்கினேன், எதைத் தொடவே கூடாது என்பதை எல்லாம் எழுதி வைக்கிறேன். 

முதல் மாதம் ஒரு பொருளும் வாங்காதீர்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை, அதனால்தான் வீட்டுப் பரணில் ஒரு ஜோடி லீவரும், காற்றைத் தடுக்க முன்னால் மாட்டும் கண்ணாடியான ஒரு வைசரும் தூங்குகின்றன. வண்டி வலிக்கிறது என்று பொதுவாகச் சொல்லாமல், எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளிப்பக்கத்தில் எடை அழுந்துகிறது, அதாவது உடம்பின் பாரத்தைக் கையில் போட்டு ஓட்டுகிறீர்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் மரத்தால் பெரும்பாலும் மணிக்கட்டு மடங்கி இருக்கிறது, அது லீவர் இருக்கும் கோணத்தால் வருவது. தொடையின் உட்பக்கம் வலித்தால் சீட் உங்களை டேங்க் மேல் தள்ளுகிறது. இடுப்பு வலித்தால் முதுகைக் கூனிக்கொண்டு உட்காருகிறீர்கள், இடுப்பிலிருந்து மடங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றுக்கும் ஹேண்டிலை உயர்த்துவதே மருந்து என்று நினைப்பது, தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரையை விழுங்குகிற கதை.

காசில்லாத வைத்தியம் முதலில். பின்னால் தள்ளி உட்காருங்கள், டேங்குக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை அகலம் இடம் இருக்கட்டும். இரண்டு முழங்காலாலும் டேங்கை லேசாகக் கவ்வுங்கள். முழங்கை விறைப்பாக நீண்டிருக்கக் கூடாது, கோழி சிறகை விலக்குகிற மாதிரி கொஞ்சம் மடங்கி வெளியே இருக்கட்டும். சரியாக உட்கார்ந்திருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை: ஆள் இல்லாத நேரான ரோட்டில் நாற்பதில் போகும்போது, கையை ஹேண்டிலிலேயே வைத்துக்கொண்டு விரல்களை மட்டும் ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி அசைத்துப் பாருங்கள். எல்லா விரலும் லேசாக அசைந்தால் பாரம் காலிலும் இடுப்பிலும் இருக்கிறது. அசைக்க முடியாமல் உடம்பு முன்னால் விழுகிற மாதிரி இருந்தால் இன்னும் கையில்தான் தொங்குகிறீர்கள். எனக்கு இது பழக இரண்டு வாரம் பிடித்தது. வலியில் பாதி அங்கேயே போய்விட்டது, ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல்.

முழங்கால் வழுக்குகிறது என்றால் டேங்கின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரப்பர் பேட் கிடைக்கும். இந்த வண்டிக்காக நான் செய்த செலவில் ரொம்பக் குறைவானதும் ரொம்ப உருப்படியானதும் அதுதான். ஒட்டுவதற்கு முன் டேங்கை ஷாம்பு போட்டுக் கழுவிக் காயவிடுங்கள், பாலிஷ் போட்ட பெயிண்ட்டில் ஒட்டினால் சித்திரை வெயிலுக்கு ஒரு ஓரமாக உரிய ஆரம்பித்துவிடும்.

அடுத்து லீவர். பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச், பிரேக் லீவர்கள் கொஞ்சம் மேலே தூக்கியே வருகின்றன. நிமிர்ந்து ஓட்டும் வண்டிக்கு அது சரி. குனிந்து ஓட்டும்போது முன்கை கீழ்நோக்கிச் சாய்கிறது, லீவர் மேலே இருந்தால் விரலை நீட்டும் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு மேல்பக்கம் ஒடிகிறது. கோரிப்பாளையத்தில் ஒரு சிக்னலுக்கு எத்தனை தடவை கிளட்ச் பிடிப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வண்டியில் வழக்கம்போல உட்கார்ந்து, கண்ணை மூடி, விரல்களை நீட்டுங்கள். முன்கையும் புறங்கையும் விரலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், லீவர் அந்தக் கோட்டில் வந்து விரலைத் தொட வேண்டும். லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, கீழே திருப்பி, மறுபடி இறுக்குங்கள். ஐந்து நிமிஷ வேலை. ரொம்ப முறுக்க வேண்டாம், அது அலுமினியம், மரை போய்விட்டால் அப்புறம் அழ வேண்டியதுதான். வண்டி கீழே விழுந்தால் லீவர் உடைவதைவிட கிளாம்ப் கொஞ்சம் திரும்பிக்கொள்வது நல்லது என்பதும் ஒரு காரணம்.

இதையெல்லாம் செய்து ஒரு மாதம் ஓட்டிய பிறகும் கை வலித்தால், சரி, ஹேண்டிலுக்கு வருவோம்.

க்ளிப்-ஆன் என்பது ஒரே குழாய் கிடையாது. இடது வலது இரண்டு தனித் துண்டுகள், முன் ஃபோர்க் குழாயைக் கவ்விக்கொண்டு நிற்கும். அதை உயர்த்த ரைசர் என்று ஒரு துண்டு விற்கிறார்கள். 20 மில்லிமீட்டர், 25, 30, ஐம்பதுகூட உண்டு. கேட்கும்போது 25 மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும், தோளுக்கு வித்தியாசம் பெரிது. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஏன் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு கடையில் 40 மில்லிமீட்டர் ரைசர் போட்டுக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, உட்கார்ந்து பார்த்தேன், ராஜா மாதிரி இருந்தது. காளவாசலில் யூ டர்ன் அடிக்க ஹேண்டிலை முழுசாக வலப்பக்கம் திருப்பினேன். நான் ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை, இன்ஜின் தானாக உறுமிக்கொண்டு ஏறியது. கிளட்சை அமுக்கினேன், அமுக்கிய கையோடு முன்னால் வந்த ஷேர் ஆட்டோவின் பின்பக்கத்தை ஒரு முழம் தூரத்தில் பார்த்தபடி நின்றேன். ஆட்டோ அண்ணன் இறங்கி வந்து சொன்னதை இங்கே எழுத முடியாது. விஷயம் என்னவென்றால், ஹேண்டில் உயர்ந்துவிட்டது, ஆக்சிலேட்டர் கேபிள் அதே நீளம். முழுசாகத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு த்ராட்டிலைத் திறந்துவிட்டது. கிளட்ச் கேபிளும் அப்படித்தான், பிரேக் ஹோஸ் அதைவிட மோசம், இழுபட்டு இழுபட்டு ஒருநாள் இணைப்பில் கசியும்.

அதனால் ரைசர் யார் போட்டுக் கொடுத்தாலும், கடையை விட்டுக் கிளம்பும் முன் இதைச் செய்யுங்கள். வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஹேண்டிலை மெதுவாக இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்புங்கள். ஆர்பிஎம் முள்ளோ எண்ணோ துளி அசையக் கூடாது. அசைந்தால் கேபிளை வேறு வழியாக விட வேண்டும், அல்லது நீளமான கேபிள் வேண்டும், அல்லது ரைசரைக் குறைக்க வேண்டும். அடுத்து பிரேக் ஹோஸைப் பாருங்கள், எந்தக் கோணத்திலும் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். பிறகு இரண்டு கடைசியிலும் உங்கள் கட்டைவிரல் ஹேண்டிலுக்கும் டேங்குக்கும் நடுவில் நசுங்குகிறதா, பிரேக் ஆயில் டப்பா ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உடை) கண்ணாடியில் இடிக்கிறதா என்று பாருங்கள். நான் இப்போது 25-ல் இருக்கிறேன், எதுவும் எதையும் இடிக்கவில்லை.

க்ளிப்-ஆனைக் கழற்றிவிட்டு அதே இன்ஜின் உள்ள, ஃபேரிங் இல்லாத நேக்கட் வண்டியின் குழாய் ஹேண்டிலை மாட்டலாமே என்று கேட்பார்கள். மாட்ட முடியும். ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மேல் பிளேட், கேபிள், பிரேக் ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டும், சில வண்டிகளில் ஃபேரிங்கை வெட்டவும் வேண்டும். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரித்தவர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அப்படி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று போட்டிருக்கிறார்கள். ரைசர் மாதிரி போல்ட்டில் போட்டு போல்ட்டில் கழற்றும் சின்னத் துண்டையும் ஒரு அதிகாரி மாற்றம் என்று சொல்ல நினைத்தால் சொல்லலாம், அதனால் பழைய பாகங்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஆனால் சைலன்சர், சேஸிஸ், ஹேண்டில் அமைப்பு, டயர் அளவு, இந்தப் பக்கமே போகாதீர்கள். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கேட்டுப் போகும்போதுதான் அந்தச் சைலன்சரின் உண்மையான விலை தெரியும்.

இனி சீட். இதைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஏனென்றால் நீண்ட தூரம் போக முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது இதுதான், இன்ஜின் இல்லை. ஸ்போர்ட்ஸ் வண்டி சீட்டில் இரண்டு குறை. மெத்தை மெலிசு, அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று யாரும் கவனிக்காதது, சீட் முன்பக்கம் சரிந்திருக்கும். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் டேங்கை நோக்கி வழுக்குகிறீர்கள், வழுக்காமல் இருக்கக் கையால் ஊன்றுகிறீர்கள், கைவலிக்கு இதுவும் காரணம்.

எங்கள் ஏரியாவில் சீட் தைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், நாற்பது வருஷமாக புல்லட் சீட்டும் டிவிஎஸ் ஐம்பது சீட்டும் தைத்தவர். நல்ல மெத்து மெத்தென்று போட்டுக் கொடுங்கள் என்று போய் நின்றேன். சீட்டை வாங்கிக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். "தம்பி, படுக்குறதுக்கா, ஒக்காந்து போறதுக்கா?" என்றார். மெதுவான பஞ்சு கடையில் உட்காரும்போது சுகமாக இருக்குமாம், ஒரு மணி நேரம் கழித்து உடம்பின் எடைக்கு அடியோடு அமுங்கி, கீழே இருக்கும் பிளாஸ்டிக் மேலேயே உட்காருகிற மாதிரி ஆகிவிடுமாம். அவர் செய்தது இதுதான்: மேலுறையை உரித்தார். முன்பக்கம் தொடை படும் ஓரங்களை பிளேடால் சீவி வட்டமாக்கினார், இதனால் கால் நேராகக் கீழே இறங்கும், குள்ளமானவர்களுக்கு இது பெரிய உதவி. பின்பாதியில் எதையும் சீவவில்லை. முன்பள்ளத்தில் மட்டும் கெட்டியான மறுபிணைப்பு ஃபோம், அதான் துண்டு துண்டாக நிறம் நிறமாக இருக்குமே அது, ஒரு ஆப்பு மாதிரி வெட்டி ஒட்டிச் சரிவைச் சமமாக்கினார். மேலே அரை இஞ்சுக்குக் கொஞ்சம் மிருதுவான அடுக்கு. அதன்மேல் வழவழப்பான ரெக்சின் வேண்டாம் என்று சொரசொரப்பான துணி. தையல் போடும் இடத்தில் மழைத்தண்ணி உள்ளே போகாமல் அடியில் ஒரு பாலிதீன் தாள்.

உயரம் கூடிவிடக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆர்15 வி3 மாதிரி வண்டியில் சீட் உயரமே 815 மில்லிமீட்டர், அதற்கு மேல் ஒரு இஞ்சு ஏறினால் சிக்னலில் குதிகால் தரையில் படாது. ஒரே ஒரு யோசனை: தைத்த அன்றே முடிவு சொல்லாதீர்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி போங்கள், நல்ல தையல்காரர் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சீவிக் கொடுப்பார். என்னுடையது மூன்றாவது தடவைதான் சரியானது.

பின்சீட்டுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்த அளவுக்கு அது சின்னது, உயரம் வேறு. அம்மா ஒரு தடவை ஏறினார், திருப்பரங்குன்றம் கோயில் வரை. இறங்கியதும் "இனி நான் பஸ்ல வர்றேன்" என்றார். சேலை கட்டியவர்கள் ஒரு பக்கமாக உட்காருவதற்கு இந்த வண்டிகள் லாயக்கே இல்லை, அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பின்னால் யாராவது உட்காருவார்கள் என்றால், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், பின்சக்கரத்தை மறைக்கும் சேலை கார்டு வேண்டும். அழகு கெடுகிறது என்று இதைக் கழற்றி எறிகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் கட்டாயம் என்கிறது. துப்பட்டாவும் சேலை முந்தானையும் செயினில் சிக்குகிற விபத்து எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இன்ஜின் பக்கம் ரொம்பக் கை வைக்கத் தேவையில்லை. இந்த வண்டிகள் மேல் ஆர்பிஎம்மில் உயிர் பெறுகிறவை. ஆர்15-ல் வால்வு திறக்கும் விதத்தை மாற்றும் விவிஏ 7,400 ஆர்பிஎம்மில்தான் வேலையைத் தொடங்கும், நாமோ பெரியார் பஸ் ஸ்டாண்டு முன்னால் 3,000-ல் ஊர்ந்துகொண்டிருப்போம். அதனால் டவுனுக்கு இழுவை வேண்டும் என்று சிலர் செயின் ஓடும் முன் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைக்கிறார்கள். 14 பல்லை 13 ஆக்கினால் கியர் ஏழு சதவீதம் குறுகும், இரண்டாவது கியரில் சொகுசாகப் போகலாம், ஆனால் நான்குவழிச் சாலையில் அதே வேகத்துக்கு இன்ஜின் கிட்டத்தட்ட எட்டு சதவீதம் அதிகம் சுற்றும், அதிர்வும் பெட்ரோலும் கூடும். சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டும். இரண்டு வேலைக்கும் ஒரே வண்டி என்றால் கம்பெனி கொடுத்த பல்லே போதும், ஒரு கியர் குறைத்து ஓட்டப் பழகுங்கள். நான் இதைப் போட்டு, மூன்று மாதத்தில் கழற்றிவிட்டேன்.

சூடுதான் மதுரையில் பெரிய பிரச்சினை. ஏப்ரல், மே மாதத்தில் வெளியே நாற்பது டிகிரி, உள்ளே ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது வரும் காற்று முழுக்க உங்கள் முழங்காலுக்கு. இதற்குப் பெரிய வைத்தியம் இல்லை, ஜீன்ஸுக்கு உள்ளே வெந்துகொண்டுதான் போக வேண்டும். ஆனால் வண்டியைக் காப்பாற்றலாம். கூலண்ட் அளவை இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் பாருங்கள், இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், நம்மூர் உப்புத்தண்ணி உள்ளே படிந்து வழியை அடைத்துவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். ரேடியேட்டர் முன்னால் ஒரு கம்பி வலை போட்டால் லாரி தெறிக்கும் கல்லிலிருந்து தப்பும், மாதம் ஒரு தடவை அதில் சிக்கிய பூச்சியையும் சேற்றையும் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் குழாயை அங்கே காட்டினால் தகடுகள் மடங்கிவிடும்.

ஸ்பீடு பிரேக்கர் இன்னொரு தலைவலி. நம் ஊர்களில் தெருக்காரர்களே கட்டிய வேகத்தடைகள் உண்டு, முழங்கால் உயரத்துக்கு. ஃபேரிங்கின் அடிவயிறு உரசும். இதற்காக வண்டியை உயர்த்தும் லிங்க் எல்லாம் போட வேண்டாம், சாய்மானம், செயின், சைடு ஸ்டாண்டு எல்லாம் மாறிவிடும். குறுக்காக, மெதுவாக, சீட்டிலிருந்து பாதி எழுந்து ஏறுங்கள்.

டயரில் ஒரே வார்த்தை: அளவை மாற்றாதீர்கள். பின்னால் 140 இருந்தால் 140 தான், 150 போட்டால் வண்டி பெரிசாகத் தெரியும், வளைவில் சோம்பேறியாகும். காற்றழுத்தம் எவ்வளவு என்று செயின் கவர் பக்கமோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கர் இருக்கும், ஒருவருக்கும் இருவருக்கும் வேறு வேறு எண். காலையில், வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிவிடுங்கள், பங்க்குக்குப் பங்க் எண் மாறுகிறது.

செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து செயின் லூப் (மசகு) போடுங்கள், மழையில் நனைந்தால் அன்றைக்கே. முன்பெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவுவோம், இப்போது அதைத் தேடுவதே ஒரு வேலை. எந்த திரவம் போட்டாலும் பெட்ரோல் மட்டும் வேண்டாம், செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

பேட்டரியைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. இந்த வகை வண்டிகள் பலவற்றில் கிக்கர் கிடையாது. பேட்டரி இறந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் சுலபமில்லை, பெட்ரோல் பம்புக்கும், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கும் கொஞ்சமாவது மின்சாரம் தேவை. ஆகவே மொபைல் சார்ஜர், கூடுதல் விளக்கு எதைப் போட்டாலும் சாவி ஆன் ஆனால் மட்டும் ஓடுகிற மாதிரி ரிலே வைத்து, பியூஸ் போட்டு இணைக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட் ஒயரைக் கத்தியால் சீவி, டேப் சுற்றி இணைக்கிற வேலையைப் பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எதிரில் வருகிறவன் கண்ணைக் குருடாக்கும் விளக்கு வேண்டவே வேண்டாம், அது அபராதம் மட்டுமல்ல, பாவமும்கூட. போன் ஹோல்டரில் அதிர்வு தாங்கும் ரப்பர் இருக்கட்டும், பைக் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிளே எச்சரித்தது.

சாமான் கட்டுவது. இந்த வண்டிகளுக்குப் பெரிய பெட்டி ஒத்துவராது. பின்சீட்டில் கட்டும் டெயில் பேக் ஒன்று, டேங்க் மேல் சின்னதாக ஒன்று, அவ்வளவுதான். இரண்டு நாள் பயணத்துக்கு எட்டு கிலோவுக்குள் அடக்கிவிடலாம். காந்தம் வைத்த டேங்க் பேக் வாங்கும் முன் ஒரு பிரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பாருங்கள், மேலே பிளாஸ்டிக் மூடி உள்ள டேங்க்கில் ஒட்டாது. கனமானதை அடியில், உடம்புக்குப் பக்கத்தில். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு கண்ணில் தெறித்தால் கண் போகும், பக்கிள் வைத்த பட்டை நல்லது, மிச்சம் தொங்கும் நுனியைச் சுருட்டிக் கட்டுங்கள். சக்கரத்திலோ செயினிலோ மாட்டினால் வண்டி அங்கேயே நிற்கும், நீங்கள் மட்டும் போவீர்கள். தூக்கிய சைலன்சர் பக்கம் பை தொங்கக் கூடாது. என் மழைக்கோட்டு ஒன்று அழகர்கோயில் போய்ச் சேர்வதற்குள் பாதி உருகி சைலன்சரில் அப்பிக்கொண்டது, வாடை ஒரு வாரம் போகவில்லை.

எல்லாம் மாட்டியாகிவிட்டது என்றதும் ராமேஸ்வரம் கிளம்பாதீர்கள். முதலில் அழகர்கோயில், இருபது கிலோமீட்டர்தான், பதினெட்டாம்படி கருப்பரைப் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் நத்தம் ரோடு பறக்கும் பாலம், 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு சிக்னல் இல்லை, ஒரே வேகத்தில் போகும்போது காற்று ஹெல்மெட்டில் எங்கே அடிக்கிறது, பை ஆடுகிறதா என்று பார்க்கலாம். உயரமான வைசர் வாங்குவதா வேண்டாமா என்று இங்கேதான் முடிவு செய்ய வேண்டும். தலை ஆடினால் காற்று ஹெல்மெட்டின் நடுவில் அடிக்கிறது, சில சமயம் வைசரை உயர்த்தினால் இன்னும் மோசமாகும், கொஞ்சம் குனிந்து ஓட்டிப் பார்த்து சோதித்துக்கொள்ளுங்கள். என் பரணில் தூங்கும் வைசருக்குக் காரணம் இந்தச் சோதனையைச் செய்யாததுதான்.

அதற்குப் பிறகு உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக போடிமெட்டு. போகவர இருநூறுக்கு மேல் ஆகும், 11 லிட்டர் டேங்க் போதும், ஆனாலும் போடியிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். ஆடி மாசம் போனால் ஆண்டிபட்டிக் கணவாயில் கவனம். ஆடிக்காத்தில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. முழு ஃபேரிங் வண்டிக்குப் பக்கவாட்டில் பெரிய சுவர் மாதிரி பரப்பு இருக்கிறது, லாரியைத் தாண்டி வெளியே வந்த நொடியில் காற்று ஒரு அடி பக்கத்தில் தள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும், டேங்கை முழங்காலால் இறுக்கி, கையைத் தளர்வாக வையுங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

மலை ஏறுவது இந்த வண்டிக்குத் திருவிழா. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் இரண்டாவது கியரில் சிரித்துக்கொண்டே ஏறும். இறங்கும்போதுதான் குனிந்த ஹேண்டிலின் குணம் தெரியும், உடம்பு முழுக்க முன்னால் விழும், மணிக்கட்டு கெஞ்சும். பின்னால் தள்ளி உட்கார்ந்து, எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். ஒரு வளைவில் ஜீப் மேலே வந்தால் நீங்கள் நின்றுவிடுங்கள், ஏறுகிற வண்டிக்கு வழி விடுவதுதான் மலை வழக்கம். இந்த வண்டிகளில் ஹேண்டில் திரும்பும் அளவும் குறைவு, கொண்டை ஊசியில் உள்வட்டத்தைப் பிடிக்கப் பார்த்து நடுரோட்டில் காலூன்றி நிற்பதைவிட கொஞ்சம் அகலமாக வாருங்கள், உங்கள் பாதிக்குள்ளேயே.

நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். வலி வந்த பிறகு நிறுத்தினால் அது போவதற்குள் அடுத்த வலி வந்துவிடும். ஒரு டீ, கையை உதறி, தோளைச் சுற்றி, கழுத்தை இரண்டு பக்கமும் சாய்த்து, அப்படியே வண்டியையும் ஒரு சுற்று பாருங்கள். நான் முதல் தடவை போய்த் திரும்பும்போது உசிலம்பட்டியில் டீக்கு நின்றேன், ஆலன் கீயை எடுத்து ரைசர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். இடப்பக்கத்து போல்ட் ஒன்று கால் சுற்று திரும்பியது. அன்றிலிருந்து டேங்க் பேக்கின் முன் ஜிப்பில் அந்தக் கீ தவிர வேறு எதையும் வைப்பதில்லை.